கரண்ட் போன நேரத்துக் காவல்

பர்ஹானாவுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும் என்று அவளுடைய உம்மா மெஹர்னிசா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். அது பொய். பழவேற்காட்டில் இறால் வியாபாரி அப்துல் ஜப்பாரின் மகளாகப் பிறந்து, கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி எஞ்சினியர் ஆனவளுக்கு மூக்கு அவ்வளவு சொகுசாக இருக்க முடியாது. இறால் ஓடு அழுகுகிற வாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக நாஷ்டா சாப்பிடுகிறவள் அவள். அவளுக்குக் குமட்டியது ஒரே ஒரு இடத்தில்தான். அது அவள் வேலை பார்த்த ஏ.சி. அறை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைகளுக்கும் ரசாயனக் கம்பெனிகளுக்கும் நடுவே, நீலக் கண்ணாடி ஒட்டிய கட்டடம் ஒன்று. அதன் இரண்டாவது மாடியில் அந்த அறை. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொல்லிவிடுவார்கள். உள்ளே ஜன்னல் கிடையாது. பத்துப் பன்னிரண்டு ஆண்பிள்ளைகளின் சாக்ஸ் வாடை, யாரோ மேஜைக்கு அடியில் ஒளித்துத் தின்ற முட்டை பப்ஸ் வாடை, அதன் தலைமேல் அடிக்கிற மல்லிகை ஸ்ப்ரே. எல்லாம் வெளியேற வழியில்லாமல் அதே குளிர்காற்றில் சுற்றிச் சுற்றி வரும். காலையில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தன் நாற்காலிக்குப் போவாள். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். இப்படிப் பழகிவிடுகிறதே என்பதில்தான் அவளுக்கு எரிச்சல் அதிகம்.

அந்த வேலையை ஊரில் ஒருவருக்கும் விளக்க முடியவில்லை. கட்டட வாசலில் செக்யூரிட்டி ஆபரேஷன்ஸ் சென்டர் என்று பெரிய போர்டு இருந்தது. பொன்னேரியிலிருந்து சம்பந்தம் பேச வந்த ஒருவர் அதைக் கேள்விப்பட்டு, அவளுடைய வாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, பொண்ணு செக்யூரிட்டியாமே, கேட்டாண்ட நின்னு லாரிக்கு டோக்கன் குடுக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. அப்துல் ஜப்பார் மகள் முகத்தைப் பார்க்காமல், இது இன்னாம்மா பேஜாரு புடிச்ச வேல என்று மட்டும் சொல்லிவிட்டு ஐஸ் பெட்டியை எண்ணப் போய்விட்டார்.

உண்மையில் அந்தப் பொன்னேரிக்காரர் சொன்னதில் பெரிய தப்பில்லை. அது வாட்ச்மேன் வேலையேதான். காக்கிற கேட் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. தொழிற்பேட்டையிலும் சென்னையிலும் இருக்கிற கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களுக்குள் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள், எந்தப் பெயரில் போகிறார்கள் என்பதெல்லாம் லைன் வழியாக அந்த அறைக்கு வந்து சேரும். எதிர்ச்சுவர் முழுக்கத் திரைகள். சந்தேகமாக ஏதாவது நடந்தால் அதில் ஒரு வரி சிவப்பில் எரியும். எரிந்ததும் அதை நோண்டிப் பார்த்து, நிஜம்தான் என்றால் அந்தக் கம்பெனிக்குப் போன் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

முதல் வருஷம் அவள் அப்படித்தான் பார்த்தாள். பம்பு செய்கிற ஒரு கம்பெனியில், கணக்கரின் கம்ப்யூட்டர் யாருக்கும் தெரியாமல் வெளிநாட்டு முகவரி ஒன்றுக்கு எதையோ அனுப்பிக்கொண்டே இருந்ததை அவள்தான் பிடித்தாள். வைரஸ். அன்றைக்கு ரயிலில் கவரைப்பேட்டை தாண்டும்வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். திருடனைப் பிடித்த சந்தோஷம் எந்த வாட்ச்மேனுக்கும் ஒன்றுதான்.

இரண்டாயிரத்து எட்டில் மின்வெட்டு வந்தது. தொழிற்பேட்டையில் எந்தப் பக்கத்துக்கு எந்த நேரம் கரண்ட் இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கரண்ட் போனதும் ஆலைகளில் பாதிக் கம்ப்யூட்டர் பட்டென்று செத்துவிடும். ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தால் கொஞ்சம் உயிர் வரும், மறுபடி போகும், மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் புதிதாக உள்ளே நுழைவார்கள். அவசரத்தில் பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பார்கள், பக்கத்துச் சீட்டுக் கம்ப்யூட்டரில் போய் உட்காருவார்கள். இங்கே சுவர் முழுக்கச் சிவப்பு. ஆயிரக்கணக்கில் வரிகள். எல்லாவற்றையும் திறந்து, இது மின்வெட்டால் வந்தது என்று எழுதி மூட வேண்டும். மூடி மூடி விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் மேனேஜர் குப்புராஜ். ஐ.டி. கார்டின் முனையால் பல்லைக் குத்திக்கொண்டே பேசுகிற மனிதர். குத்திவிட்டு அந்தக் கார்டை அப்படியே நெஞ்சில் தொங்கவிட்டுக்கொள்வார். பர்ஹானா அவருடைய முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டே ரொம்ப நாள் ஆகியிருந்தது. எதற்கெடுத்தாலும் நாம எல்லாம் ஒரு ஃபேமிலி என்பார். அவர் சொன்ன வழி இதுதான்: மின்வெட்டு அறிவித்த நேரத்திலும், கரண்ட் வந்து கொஞ்ச நேரம்வரையும், அந்தப் பக்கத்து ஆலைகளிலிருந்து வருகிற எந்த எச்சரிக்கையும் சுவரில் ஏறாது. மெஷினே அதை ஓரமாகக் கிடங்கில் தள்ளிவிடும். கரண்ட் ரூல் என்று பெயர் வைத்தார்கள். அறையே கை தட்டியது. பர்ஹானாவும் தட்டினாள், அவளுக்கும் விரல் வலித்ததுதானே.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. குப்புராஜ் வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் இங்கிலீஷில் ஒரு மெயில் அனுப்பினார். மின்வெட்டு நேரத்தில் இனி எங்கள் எச்சரிக்கைகள் உங்களைத் தொந்தரவு செய்யாது என்று பெருமையாக எழுதியிருந்தார். எந்த நேரம் வாட்ச்மேன் தூங்குவான் என்று தெருவெல்லாம் தண்டோரா போட்ட காவல் நிலையம் உலகத்தில் வேறு எங்காவது இருந்திருக்குமா என்று தெரியவில்லை. இங்கே இருந்தது. அதற்கு நல்ல சேவை என்று பாராட்டும் வந்தது.

அந்த அறையைக் கூட்டித் துடைத்து, எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுப்பவள் முத்தம்மா. கான்ட்ராக்ட் ஆள். ஒரு காலத்தில் எளாவூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள், அந்த நிலமெல்லாம் கம்பெனியானதும் அந்தக் கம்பெனிகளையே பெருக்க வந்துவிட்டாள். அவளுடைய ஒரே மகன் சாம்சன், தொழிற்பேட்டையிலேயே பழைய இரும்பை உருக்குகிற ஒரு மில்லில் எடைமேடை ஆபரேட்டர். லாரி சரக்கோடு மேடைமேல் ஏறி நிற்கும், அவன் எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவான். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை என்பதால் முத்தம்மாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்த மில்லும் பர்ஹானாவின் கம்பெனி காவல் காக்கிற மில்தான். அதனால் முத்தம்மா டீ வைக்கும்போதெல்லாம், எம்புள்ள ஒயுங்கா வேல செய்றானான்னு உன் டிவில பாத்து சொல்லும்மா என்று கேட்பாள். செய்றான்க்கா என்று பர்ஹானாவும் சொல்வாள்.

ஒருநாள் முத்தம்மா வந்தபோது முகம் வீங்கியிருந்தது. டீ கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். என்ன என்று கேட்டதும்தான் சொன்னாள். மில்லில் கம்ப்யூட்டர் காட்டுகிற எடைக்கும், யார்டில் கிடக்கிற இரும்புக்கும் ஒத்துப்போகவில்லையாம். வராத இரும்பு வந்ததாகக் கணக்கில் ஏறியிருக்கிறது. யாரோ எடையை அப்புறமாகக் கூட்டி எழுதியிருக்கிறார்கள். சாம்சனின் பெயரில்தான் உள்ளே போயிருக்கிறார்கள், அவனுடைய பாஸ்வேர்டுதான். லாரிக்காரனோடு சேர்ந்துகொண்டு நீதான் செய்தாய் என்று அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் போலீஸ்.

"அவன் எடுக்கலம்மா," என்றாள் முத்தம்மா. "எடுத்திருந்தா நான் ஏன் இன்னும் கக்கூஸ் கயுவிக்கினு இருக்கேன்?"

அன்றைக்கே மில்லிலிருந்து ஒரு வேண்டுகோளும் வந்தது. வெளியாட்கள் யாராவது எங்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்தார்களா என்று உங்கள் மையம் ஓர் அறிக்கை தர வேண்டும். அந்தத் தேதிகளில் பகல் ஷிஃப்டில் இருந்தவள் பர்ஹானா. அவள்தான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் கிடங்கைத் திறந்தாள். கரண்ட் ரூல் ஓரமாகத் தள்ளிய வரிகள் எல்லாம் அங்கே குப்பைமேடாகக் கிடந்தன. சாம்சன் என்ற பெயரைத் தேடியதும் வந்து விழுந்தது. எடைமேடைக்கென்று கொடுத்த அந்தப் பெயர், எடைமேடைக் கம்ப்யூட்டரில் அல்லாமல் வேறு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே போயிருக்கிறது. ஒரு தடவை அல்ல, பல தடவை. ஒவ்வொரு தடவையும் மின்வெட்டு நேரம். அப்போது எடைமேடைக்கே கரண்ட் கிடையாது, லாரிகள் ரோட்டில் வரிசையாக நிற்கும், சாம்சன் மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். ஆனால் மாடியில் ஆபீசர்கள் அறைக்கும் சர்வருக்கும் இன்வெர்ட்டர் உண்டு. உள்ளே போன கம்ப்யூட்டர் பர்சேஸ் ஆபீசர் தணிகாசலத்தின் மேஜையில் இருப்பது. இரும்பு வாங்குகிறவரும் அவர்தான், லாரிக்காரர்களோடு பேசுகிறவரும் அவர்தான்.

எச்சரிக்கை சரியாக வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறது. இவர்களுடைய ரூல்தான் அதன் வாயைப் பொத்தியிருக்கிறது.

பர்ஹானா அதை அப்படியே குப்புராஜிடம் காட்டினாள். அவர் நிதானமாகப் பார்த்தார். பல்லைக் குத்தினார். தணிகாசலத்தின் பெயரைப் பார்த்து அவர் அதிர்ந்த மாதிரியே தெரியவில்லை. அவர் பயந்ததெல்லாம் கரண்ட் ரூலுக்குத்தான். அந்த ரூல் ஒரு திருட்டையே மறைத்தது வெளியே தெரிந்தால் இருக்கிற வாடிக்கையாளர் அத்தனை பேரும் போய்விடுவார்கள், இந்த வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியதே அந்த மில்தான் என்று பொறுமையாக விளக்கினார். அப்புறம் அவரே உட்கார்ந்து அறிக்கையை எழுதினார். இரண்டே வரி. மேற்படி தேதிகளில் எங்கள் மையத்தின் திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. வெளியாட்கள் புகுந்ததாகவும் தெரியவில்லை.

"இதுல பொய் எதுனா இருக்கா, சொல்லு?" என்றார். "திரையில வந்துச்சா? வரல. வெளியாளு பூந்தானா? இல்ல. அவ்ளோதான் எழுதியிருக்கு."

"அப்ப சாம்சன்?"

"அது அவங்க உள் விவகாரம்மா."

பொய்யே இல்லாத அந்த இரண்டு வரியைப் பார்த்தபோது பர்ஹானாவுக்கு வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வந்தது. பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அசிங்கமாக இருந்திருக்காது. பொய் சொல்கிறவனுக்காவது உள்ளே கொஞ்சம் உறுத்தும். இந்த மனிதர் துடைத்து வைத்த தட்டு மாதிரி சுத்தமாக உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அவர் கோபப்படக்கூட இல்லை. நாம எல்லாம் ஒரு ஃபேமிலிம்மா என்று சொல்லி, தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். போகிறபோக்கில், கிடங்கில் பார்த்ததை வெளியே கொண்டுபோனால் வாடிக்கையாளர் ரகசியத்தைத் திருடியதாக அவள்மேல்தான் கேஸ் வரும் என்பதையும் சிரித்த முகத்தோடு சொல்லி வைத்தார். அது உண்மைதான், வேலையில் சேரும்போது அவளே அதற்கு ஒப்புக்கொண்டிருந்தாள்.

மில்லுக்கே நேராகச் சொன்னால் என்ன என்று யோசித்தாள். அங்கேயும் ஒரு கோணல். வாடிக்கையாளரோடு பேசுவது என்றால் அந்தக் கம்பெனி நியமித்த ஆளிடம் மட்டும்தான் பேச வேண்டும். அது இந்த மையங்களின் வழக்கம். இந்தச் சேவையை விலை பேசி வாங்கியவர் பர்சேஸ் ஆபீசர் என்பதால், மில் நியமித்த ஆள் தணிகாசலம். திருட்டு நடந்தால் திருடனிடம்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு அறை முழுக்க ஸ்வீட் பாக்ஸ் கொடுத்த மகராசனும் அவர்தான். அன்றைக்குத் தான் தின்ற பாதுஷாவை நினைத்ததும் பர்ஹானா எழுந்து போய் வாய் கொப்பளித்தாள்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கி, டெலிபோன் பூத்திலிருந்து மில்லின் பொது நம்பருக்குப் போட்டு, முதலாளி ராஜமாணிக்கத்திடம் பேச வேண்டும் என்றாள். யார், எங்கிருந்து என்று கேட்டார்கள். கம்பெனி பெயரைச் சொன்னதும், அப்படியா, ஒரு நிமிஷம் என்று லைனை மாற்றினார்கள். மறுமுனையில் வந்தது தணிகாசலம். வழிகிற குரல். என்னம்மா, நல்லா இருக்கீங்களா, முதலாளி பிஸி, எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லலாமே, நான் இருக்கேனே என்றார். அவள் ஒன்றுமில்லை என்று போனை வைத்தாள். அவர் மூச்சு காதில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. துப்பட்டாவால் காதைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

அன்று மாலை ரயிலுக்கு நிற்கும்போது முத்தம்மா பிளாட்பாரத்தில் அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். கூடவே சாம்சன். ஒல்லியாக, தலை குனிந்து நின்றான். வேறு மில்களில் கேட்டுப் பார்த்தானாம். திருட்டுப் பட்டம் கட்டின ஆளுக்கு எடைமேடையில் யார் வேலை கொடுப்பார்கள்? சர்ச்சில்கூடப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் நகர்ந்து உட்காருகிறார்கள் என்று முத்தம்மா சொன்னாள். ஒத்துக்கொண்டால் போலீஸ் இல்லை என்கிறார்கள், ஒத்துக்கொள்ளட்டுமா என்று சாம்சன் பர்ஹானாவைக் கேட்டான். படித்த பிள்ளை, கம்ப்யூட்டர் தெரிந்தவள், அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பித்தான் கேட்டான்.

"ஒத்துக்காத," என்றாள் பர்ஹானா. "வெள்ளிக்கெயம வரிக்கும் எதுவும் எய்திக் குடுக்காத."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் பயம் பிடித்தது. எதை நம்பி ஒரு பையனை ஜெயிலுக்குப் போகத் தயாராக இருக்கச் சொன்னேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வீட்டில் உம்மா நெத்திலி வறுத்து வைத்திருந்தாள். பர்ஹானாவால் தட்டில் கை வைக்க முடியவில்லை. பாத்தீங்களா, இவளுக்கு எல்லாமே குமட்டும் என்று மெஹர்னிசா புருஷனிடம் முறையிட்டாள்.

மறுநாள் அவள் மறுபடி கிடங்கைத் திறந்தாள். பழைய வரிகளைப் பார்ப்பதற்காகத்தான் திறந்தாள். ஆனால் புது வரி ஒன்று கண்ணில் பட்டது. முந்தின நாள் மின்வெட்டு நேரத்தில் சாம்சன் மறுபடி உள்ளே போயிருக்கிறான். வேலையை விட்டுத் துரத்தப்பட்டு, மில் கேட்டுக்குள் காலே வைக்க முடியாதவன், மில் கம்ப்யூட்டருக்குள் போய் எடையைக் கூட்டிவிட்டு வந்திருக்கிறான்.

பர்ஹானாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அப்புறம்தான் விளங்கியது. வேலையை விட்டுப் போனவனின் பெயரை மூடச் சொல்லி மையத்துக்குச் சொல்ல வேண்டியவர் நியமிக்கப்பட்ட ஆள். அதாவது தணிகாசலம். அவர் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பெயர் இன்னும் தேவைப்பட்டது. லாரிகள் வந்துகொண்டுதானே இருக்கின்றன? ஒருவனைப் பலிகடா ஆக்கி வெளியே தள்ளிய பிறகும் அவன் பெயரைப் போட்டுக்கொண்டு திருடுகிற அளவுக்கு அந்த மனிதருக்குத் துணிச்சல். துணிச்சல்கூட இல்லை, அலட்சியம். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று இவர்களே மெயில் போட்டுச் சொல்லியிருக்கும்போது அவர் எதற்குப் பயப்பட வேண்டும்? அன்று அவள் மூக்கைப் பொத்தவில்லை. அந்த அறையின் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்ட பிறகு சாக்ஸ்மேல் என்ன கோபம்.

வியாழக்கிழமை ராஜமாணிக்கம் வருகிறார் என்று குப்புராஜ் அறிவித்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன்னால் முதலாளி ஒரு தடவை மையத்தை நேரில் பார்க்க ஆசைப்படுகிறாராம். மதியம் வருகிறார். அந்த நேரம் தொழிற்பேட்டையில் மின்வெட்டு. குப்புராஜ் அதைக் கணக்குப் போட்டே நேரம் கொடுத்திருந்தார். வெளியே ஊரே கரண்ட் இல்லாமல் கிடக்கும், நம் சுவர் மட்டும் ஜெனரேட்டரில் பச்சைப் பசேல் என்று இருக்கும், பார்க்கிறவர் அசந்துபோவார் என்பது அவருடைய திட்டம். முதலாளியோடு தணிகாசலமும் வருவாரா என்று பர்ஹானா விசாரித்தாள். இல்லை, அவர் மில்லைப் பார்த்துக்கொள்வார் என்றார்கள். முதலாளி இல்லாத மில், கரண்ட் இல்லாத மதியம். இதைவிட நல்ல நேரம் தணிகாசலத்துக்குக் கிடைக்காது.

கிடங்கில் இருப்பதை வெளியே கொண்டுபோனால்தான் குற்றம். வாடிக்கையாளரின் எச்சரிக்கையை அந்த வாடிக்கையாளருக்கே சுவரில் காட்டுவது குற்றமாகாது, அதற்குத்தான் சம்பளமே. புதன்கிழமை முழுக்க இதையே திருப்பித் திருப்பி யோசித்தாள். வேலை போகும். அதில் சந்தேகம் இல்லை. குப்புராஜ் சும்மா அனுப்ப மாட்டார், வேறு கம்பெனிகளுக்கும் சொல்லி வைப்பார். பொன்னேரிக்காரர் போன மாதிரி சம்பந்தங்களும் போகும். வாப்பா ஐஸ் பெட்டியை எண்ணப் போய்விடுவார். எல்லாவற்றையும் யோசித்தாள். ஆனால் அந்த இரண்டு வரி அறிக்கை நினைவுக்கு வந்ததும் மறுபடி வயிறு பிரட்டியது. இந்த வயிற்றை வைத்துக்கொண்டு இங்கே காலம் தள்ள முடியாது என்று முடிவு செய்தாள். வீரமெல்லாம் இல்லை. உமட்டல் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அறைக்கு இரண்டு மடங்கு மல்லிகை ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். ராஜமாணிக்கம் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். அவரை மட்டும் ஷூவைக் கழற்றச் சொல்லவில்லை. குப்புராஜ் அன்றைக்குப் பல்லைக் குத்தவில்லை, கையைக் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார். முதலாளி ஒவ்வொரு திரையையும் பார்த்து, பலே, பலே என்றார். இங்கே ஒரு ஈ, எறும்பு உள்ளே போனாலும் எங்களுக்குத் தெரியும் சார் என்று குப்புராஜ் சொன்னார். எல்லாருக்கும் முத்தம்மாவை டீ கொண்டுவரச் சொன்னார். மகனை யார் துரத்தினாரோ அவருக்கே அந்த அம்மா டீ ஆற்ற வேண்டும் என்பது அந்த அறையில் யாருக்கும் உறைக்கவில்லை, உறைத்தவர்களும் தலையைக் குனிந்துகொண்டு கீபோர்டைப் பார்த்தார்கள்.

பர்ஹானா தன் திரையில் ரூல்கள் இருக்கிற பக்கத்தைத் திறந்தாள். கரண்ட் ரூலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக். டிக்கை எடுத்தாள். எடைமேடை சம்பந்தப்பட்ட வரி வந்தால் மேலே பெரிதாக நிற்கட்டும் என்றும் மாற்றி வைத்தாள். ஷிஃப்டில் இருப்பவர் செய்யலாம் என்று அனுமதி உள்ள வேலைதான் இரண்டும்.

கரண்ட் போனது. விளக்கு ஒரு கணம் அணைந்து, ஜெனரேட்டர் உறுமி, மறுபடி எரிந்தது. சுவர் பச்சையாகத்தான் இருந்தது. குப்புராஜ் பெருமையாகத் திரும்பி முதலாளியைப் பார்த்தார். அப்போது ஒரு சிவப்பு வரி விழுந்தது. அப்புறம் நான்கு. அப்புறம் எண்ண முடியவில்லை. தொழிற்பேட்டையில் இருக்கிற அத்தனை ஆலைகளும் ஒரே நேரத்தில் கத்துகிற மாதிரி சுவர் முழுக்கச் சிவப்பு வழிந்தது. அறை முகமே சிவந்துபோனது.

குப்புராஜ் ஓடி வந்தார். ரூல் எங்கே, ரூல் எங்கே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். ராஜமாணிக்கம் பக்கம் திரும்பி, கரண்ட் போனா இப்படித்தான் சார், ஒண்ணும் இல்ல, எல்லாம் சும்மா என்று சிரித்தார். பிறகு சுவரை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார். யாரும் எழுந்திருக்கவில்லை.

ராஜமாணிக்கம் சும்மா என்று விடவில்லை. மேலே பெரிதாக நின்ற ஒரு வரியில் தன் மில்லின் பெயரைப் பார்த்துவிட்டார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, என்னம்மா அது, நம்ம மில்லு பேரு என்றார். அவர் பர்ஹானாவைத்தான் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

அவள் எழுந்து நின்றாள். அந்த வரியை விரலால் காட்டினாள்.

"உங்க மில்லு எடைக் கணக்குல இப்ப ஒருத்தர் பூந்து மாத்திக்கினு இருக்காரு சார். உங்க பர்சேஸ் ஆபீசர் தணிகாசலம் சாரோட கம்ப்யூட்டர்லேர்ந்து. சாம்சன்ங்கற பேருல."

ராஜமாணிக்கம் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். தன் பெயரில் துரத்தி, தன் பெயரில் போலீஸுக்கும் அனுப்ப இருந்த ஒருவனை அவரால் ஞாபகத்துக்குக் கொண்டுவர முடியவில்லை.

"சாம்சனா? யாரு அது?"

பதில் டீ டம்ளர்கள் இருந்த பக்கத்திலிருந்து வந்தது.

"எம்புள்ள சார்," என்றாள் முத்தம்மா. தட்டைக் கீழே வைக்கவில்லை. "திருடன்னு சொல்லி நீங்க தொரத்தினீங்களே, அவந்தான். இந்நேரத்துக்கு அவன் ஊட்ல சோறு வடிச்சிக்கினு கீறான்."